செருப்பு மாட்டும் இடம்

கைராசியை அளப்பதற்காகத் தாராபுரத்துக்கு வந்த உயர்மட்டக் குழுவில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கும் சேர்த்துப் பெயருக்குப் பின்னால் நாற்பத்திரண்டு எழுத்துகள். கொண்டுவந்த கருவிகளை வைக்க அந்தச் சின்ன அரசு மருந்தகத்தில் இடம் போதாமல், பாதியைப் பக்கத்துத் தேங்காய்க் களத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். தேங்காய் வாங்க வந்தவர்கள் ஏதோ புது ரகக் கொப்பரை இயந்திரம் என்று நினைத்து விலை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

விஷயம் இதுதான். நலக்கண் வந்து பதினோரு வருடமாகிறது. நலக்கண் என்பது அரசு வைத்த பெயர். ஜனங்கள் வைத்த பெயர் பெட்டி. ஆள் உயரத்துக்கு ஃபிரிட்ஜ் மாதிரி வெள்ளையாக நிற்கும். முன்னால் ஒரு ஸ்டூல். உட்கார்ந்து கையை உள்ளே விட்டால் ரத்தம், மூச்சு, ஈரல், இதயம் எல்லாவற்றையும் நாலு நிமிடத்தில் பார்த்துவிடும். பிறகு பத்துக் கேள்வி கேட்கும். கடைசியில் நோயின் பெயரைச் சொல்லி, கீழே இருக்கும் தட்டில் மாத்திரையைத் தள்ளும். தப்புச் செய்யாது. தப்பே செய்யாத ஒன்று பக்கத்தில் நிற்கும்போது தப்புச் செய்யக்கூடியவர்களுக்கு என்ன வேலை? டாக்டர்கள் வீட்டுக்குப் போனார்கள். இதய நிபுணர்கள் தென்னந்தோப்பு வாங்கினார்கள். பல்லடத்தில் ஒரு தோல் நிபுணர் பரோட்டாக் கடை போட்டு, மாவைத் தோல் மாதிரி மெல்லிசாக வீசுகிறார் என்று பெயர் வாங்கினார். அறுவை செய்கிறவர்கள் மட்டும் தப்பினார்கள், அதுவும் பெட்டி காட்டிய இடத்தில் அறுப்பதற்கு.

ஒரே ஒரு பழைய சட்டம் மிச்சமிருந்தது. சில ஊர்களில், மனிதனுக்குப் போகும் மருந்தை இன்னொரு மனிதன் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அதற்காக மாநிலத்தில் முப்பத்தெட்டு இடங்களில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரை உட்கார வைத்திருந்தார்கள். பெட்டி சொல்லி முடித்ததும் டாக்டர் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். எட்டு வருடம் படித்துவிட்டு வந்து அழுத்துவதால் அந்தப் பொத்தானுக்கே ஒரு கௌரவம் இருந்தது. அந்தச் சட்டமும் மார்ச் முப்பத்தொன்றோடு காலாவதியாகிறது.

இந்த நேரம் பார்த்துத்தான் யாரோ ஒரு கணக்கைக் கிளறினார்கள். முப்பத்தேழு இடங்களில் நோயாளிகள் மற்ற ஊர்களில் குணமாவது போலவே குணமானார்கள். தாராபுரத்தில் மட்டும் நூற்றுக்குப் பதினோரு பேர் கூடுதலாகக் குணமானார்கள். அதே பெட்டி, அதே மாத்திரை. துறை பெட்டியை மாற்றிப் பார்த்தது. மாத்திரை வந்த லாரியை மாற்றிப் பார்த்தது. பதினொன்று அசையவில்லை. ஊரில் விசாரித்தால், "அந்த டாக்டரம்மாவுக்குக் கைராசிங்க, நாடி புடிச்சா பாதி சரியாயிருமுங்க" என்றார்கள். கைராசி என்பது மூடநம்பிக்கை என்று துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. மறுநாளே அந்தக் கைராசியை அளந்து, பிரதி எடுத்து, பெட்டிக்குள் வைக்க ஒரு குழுவை அமைத்தது.

அந்த டாக்டரம்மாவின் பெயர் மௌனிகா. ஐம்பத்தொன்பது வயது. அந்தத் தலைமுறையில் இப்படித்தான் பெயர் வைப்பார்கள். மூட்டுவலிக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களைக் கூப்பிட்டால் தர்ஷன், ரித்தீஷ், அஸ்வின் என்று சினிமாக் கதாநாயகர்கள் எழுந்து நொண்டிக்கொண்டு வருவார்கள். மருந்தகத்தில் மௌனிகாவோடு இருந்தது சிஸ்டர் ஷர்மிளா ஒருவர்தான். காலையில் பினாயில் போட்டுத் தரையைத் துடைப்பதும், 'காலணிகளை வெளியே விடவும்' என்ற பலகைக்கு உயிர் கொடுப்பதும் அவர் பொறுப்பு. மற்ற ஊர்களில் பெட்டி கண்ணாடி அறையில் இருக்கும். கதவு தானே திறக்கும், தானே மூடும். யாரும் எதையும் கழற்ற வேண்டியதில்லை. தாராபுரத்தில் பெட்டியைப் பழைய டாக்டர் அறையிலேயே வைத்துவிட்டதால், பழைய பலகையும் அப்படியே நின்றுவிட்டது.

குழுவின் தலைவர் பேராசிரியர் சர்வேஷ். பெட்டியை உருவாக்கியவரே அவர்தான். மாநிலம் முழுவதும் சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருப்பார்: 'என் நலக் குறியீடு நூற்றுக்கு நூறு. உங்களுடையது?'

வந்த முதல் நாள் அவர் நிலைமையை விளக்கினார்.

"பாருங்க டாக்டர். மாசக் கடைசிக்குள்ள உங்ககிட்ட இருக்கறது என்னன்னு கண்டுபிடிச்சிட்டா, அதைப் பெட்டியில போட்டுட்டு இந்த ரூமை மூடிடுவோம். கண்டுபிடிக்க முடியலைன்னா, புள்ளிவிவரப் பிழைன்னு எழுதிட்டு மூடிடுவோம்."

"ரெண்டுலயும் மூடறதுதானுங்களா?"

"மூடறது முக்கியமில்லை டாக்டர். காரணத்தோட மூடணும்."

மௌனிகா தலையாட்டினார். முப்பத்துநாலு வருடமாகக் காலை எட்டரைக்கு அந்தக் கதவைத் திறக்கிறவர். மார்ச் முப்பத்தொன்றுக்கு மறுநாள் எட்டரைக்கு எதைத் திறப்பது என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைப் பேராசிரியரிடம் கேட்டுப் பயனில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஷர்மிளா எல்லோரையும் வாசலில் நிறுத்தி, "செருப்பு" என்றார். குழு இதற்குத் தயாராக வந்திருந்தது. ஒரு பெட்டி நிறைய நீல நிறப் பிளாஸ்டிக் உறைகள். ஏழு பேரும் பூட்ஸோடு அந்த உறையை மாட்டிக்கொண்டு, கால் முளைத்த ஐஸ் பைகள் மாதிரி உள்ளே நடந்தார்கள். போகும்போது கழற்றி எறிந்தார்கள். மூன்று வாரமும் அப்படித்தான்.

குழுவில் ஒரு பெண், இருபத்தாறு வயது என்ஜினியர், பெயர் பொன்னாத்தாள். அந்த வயதுக்காரர்களிடம் அப்போது அதுதான் நாகரிகமான பெயர். டாக்டரின் வலது கையில் மெல்லிய உறை ஒன்றை மாட்டி, அதிலிருந்து வரும் வயரைத் தன் கருவியில் சொருகுவது அவள் வேலை.

இரண்டாம் நாள் வந்தவர் தர்ஷன், அறுபத்தெட்டு வயது, செக்குக்காரர். ஸ்டூலில் உட்காருவதற்கு முன் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"வணக்கம். தங்களை வருத்தும் உபாதை யாது?" என்றது பெட்டி. அதன் குரல் செய்தி வாசிக்கிறவரின் குரல்.

"வணக்கமுங்க. உபாதையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. லேசா தலைசுத்து."

"மருந்துகளை முறைப்படி உட்கொள்கிறீர்களா?"

"தவறாமச் சாப்படறனுங்க."

"உணவில் ஊறுகாய், அப்பளம்?"

"கண்ணுல பாத்தே வருசமாச்சுங்க."

அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வீட்டுச் சண்டையை யார் சொல்வார்கள்? அவ்வளவு சுத்தமான தமிழில் ஒன்று கேட்கும்போது அவ்வளவு சுத்தமான பதிலைச் சொல்வதுதான் மரியாதை. ஊரில் எல்லோரும் பெட்டியிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள்.

மௌனிகா நாடி பிடித்தார். பொன்னாத்தாளின் திரையில் கோடுகள் எழுந்தன. பெட்டி, ரத்த அழுத்தம் மிகை, மருந்து இரட்டிக்கப்படுகிறது என்றது. மௌனிகா பச்சைப் பொத்தானை அழுத்தவில்லை. கையிலிருந்த உறையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இடுப்பில் கை கொடுத்து எழுந்தார். உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்; அதனால் ஒவ்வொருவரையும் வாசல் வரை கொண்டுபோய் விடுவது அவர் வழக்கம். திரையில் கோடு படுத்தது. பொன்னாத்தாள் 'இடைவேளை' என்று பதிந்தாள். குழுவுக்கு டீ வந்தது.

வாசலில் தர்ஷன் ஒரு காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு காலால் செருப்பைத் தேடினார். ஒன்று அகப்பட்டது. மற்றது யாருடைய செருப்புக்கோ அடியில் போயிருந்தது. கண் தரையில் இருந்தது.

"அப்பறமுங்க டாக்டரம்மா..."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க. என்ற சம்சாரத்துக்கும் அதே பிரசர்தானுங்க. அவளுக்கு இந்தப் பெட்டின்னாப் பயம். அதனால என்ற மாத்திரையவே ஆளுக்குப் பாதியா ஒடச்சுச் சாப்பிட்டுக்கறமுங்க. மத்தபடி தவறறதே இல்லீங்க."

"எத்தனை நாளா?"

"பொங்கல்லருந்துங்க."

"செருப்பைக் கழட்டுங்க. உள்ள வாங்க."

உள்ளே வந்து, மௌனிகா பக்கத்தில் நிற்க, தர்ஷன் பெட்டியிடம் தலைகுனிந்து அதையே சொன்னார். "முந்தைய பரிசோதனை ரத்து செய்யப்படுகிறது" என்று பெட்டி அறிவித்து, பழைய அளவையே கொடுத்தது. மனைவியை நாளைக்குக் கூட்டிவருவது தர்ஷனின் பொறுப்பு என்று முடிவாயிற்று. அப்போதுதான் மௌனிகா பொத்தானை அழுத்தினார். குழு அப்போது டீயில் இஞ்சி அதிகம் என்று பேசிக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்தில் குழு கண்டுபிடித்தவை பல. டாக்டர் மௌனிகாவின் உள்ளங்கை வெப்பம் முப்பத்துமூன்று டிகிரி. நாடியில் விரல் தங்கும் நேரம் சராசரியாகப் பதினேழு விநாடி. ஒரு நோயாளிக்குப் பதினான்கு முறை 'ம்' என்கிறார். அதில் ஒன்பது மேலே போகிற 'ம்', ஐந்து கீழே இறங்குகிற 'ம்'. மின்விசிறி நிமிடத்துக்கு ஒருமுறை கிறீச்சிடுகிறது. சுவரில் போன வருடத்துக் காலண்டர். இவை தவிர, டாக்டரிடம் இருநூற்றுப் பதினான்கு கேள்விகள் கொண்ட படிவத்தைப் பூர்த்தி செய்து வாங்கினார்கள். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்பது முதல், நோயாளியைத் தொடும்போது மனதில் என்ன நினைப்பீர்கள் என்பது வரை. அதற்கு அவர் 'அடுத்த ஆளை' என்று எழுதியிருந்தார்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ரப்பர் கை செய்தார்கள். முப்பத்துமூன்று டிகிரி, பதினேழு விநாடி, பதினான்கு 'ம்'. பக்கத்து ஊர்ப் பெட்டியில் அதைப் பொருத்தினார்கள். முதலில் வந்த வாழைத்தார் வியாபாரியின் மணிக்கட்டை அது அன்போடு பற்றிக்கொண்டு, மேலே போகிற 'ம்' சொன்னது. அவர் வெளியே ஓடப் பார்த்தார். பதினேழு விநாடி முடியும்வரை அது விடவில்லை. அந்த ஊரில் ஒரு வாரத்துக்கு யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. குழு அதையும் ஒரு வெற்றியாகக் கணக்கில் எடுக்கலாமா என்று விவாதித்தது.

பொன்னாத்தாளுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது.

"சார், இந்தப் பெட்டியில நூத்துக்கு முப்பத்தொண்ணு பரிசோதனை ரத்தாகியிருக்கு. வேற எந்த ஊர்லயும் ரெண்டுக்கு மேல இல்ல."

பேராசிரியர் திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வயசான ஆபரேட்டர்மா. பொத்தானை மாத்தி அழுத்தறாங்க. குப்பையையெல்லாம் நீக்கிட்டு டேட்டாவைச் சுத்தம் பண்ணு."

அவள் சுத்தம் பண்ணினாள். சுத்தமான தரவில் எதுவுமே இல்லை.

ஷர்மிளா ஒருநாள் மதியம் சாப்பிடும்போது கேட்டார். "நானு சொல்லிப்போடட்டுங்களா மேடம்?"

"கேட்டா சொல்லு."

"கேக்கவே மாட்டேங்கறாங்களே."

"அப்ப ரசத்தை ஊத்து."

மார்ச் இருபத்தெட்டாம் தேதி நீல உறை தீர்ந்துபோனது. அன்று முடிவைத் தெரிவிப்பதற்காகப் பேராசிரியர் தனியாக வந்திருந்தார். மற்ற ஆறு பேரும் களத்தில் கருவிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஷர்மிளா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"ஷூவக் கழட்டிப்போட்டு வாங்க சார்."

"சிஸ்டர், நான் யாருன்னு..."

"தெரியுமுங்க. போஸ்டர்ல பாத்திருக்கறேன். அதுலயும் ஷூ போட்டுத்தான் இருந்தீங்க. இப்பத்தான் தொடச்சேன், ஈரமா இருக்குது."

பெட்டியின் தந்தை குனிந்து லேஸை அவிழ்த்தார். வலது காலின் சாக்ஸில் ஓர் ஓட்டை இருந்தது. கட்டைவிரல் அதன் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷர்மிளா மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். மூன்று வாரத்தில் முதல் முறையாகப் பேராசிரியர் மெதுவாக நடந்து உள்ளே வந்தார்.

"புள்ளிவிவரப் பிழைன்னு எழுதப்போறேன் டாக்டர். தப்பா நினைக்காதீங்க."

"இல்லீங்க. நீங்க தேடினதெல்லாம் நிஜமாவே என்கிட்ட இல்லீங்களே."

"முப்பத்தொண்ணாம் தேதி சாவியைக் கொடுத்துடுங்க. உங்களுக்கும் ஓய்வு வேணும். இத்தனை வருஷம், தினம் நூறு பேர். சலிக்கலையா?"

மௌனிகா யோசித்தார். படிவத்தில் இந்தக் கேள்வி இல்லை.

"டாக்டருக்குப் படிக்கறப்ப, பெரிய பெரிய வியாதியக் கண்டுபுடிக்கணும்னு ஆசைங்க. அத இந்தப் பெட்டி பண்ணிருச்சு. பொறாமையெல்லாம் இல்ல, என்னைவிட நல்லாவே பண்ணுது. ஆனா பாருங்க, மனுசன் ஊர்ல யார்கிட்டயும் சொல்லாதத ஒரு ஆள்கிட்ட வந்து சொல்லுவான். அந்த ஆளா இருக்கறது சலிக்காதுங்க."

"நல்ல வாசகம்" என்றார் பேராசிரியர். அறிக்கையின் முன்னுரைக்கு ஆகும் என்று நினைத்திருக்கலாம். கைகூப்பி எழுந்தார். மௌனிகாவும் வழக்கப்படி இடுப்பில் கை கொடுத்து எழுந்து, வாசல் வரை போனார்.

செருப்பாக இருந்தால் இரண்டு விநாடியில் மாட்டிக்கொண்டு போயிருப்பார். ஷூ. அதுவும் லேஸ் கட்டுகிற ஷூ. பெஞ்சில் உட்கார்ந்து ஓட்டைக் கால்விரலை முதலில் உள்ளே ஒளித்தார். குனிந்து ஒரு முடிச்சுப் போட்டார். எழப்போனவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்று, மறுபடி உட்கார்ந்தார். இடது ஷூவின் லேஸை எடுத்தார். கண் தரையில் இருந்தது.

"அப்புறம் டாக்டர்..."

ஷர்மிளா துடைப்பத்தோடு அப்படியே நின்றார்.

"சொல்லுங்க" என்றார் மௌனிகா.

"ஒண்ணுமில்லை. சின்ன விஷயம். போன மாசம் பாத்ரூம்ல விழுந்துட்டேன். வழுக்கிட்டுதுன்னு வீட்டுல சொன்னேன்."

"வழுக்கலை."

"வழுக்கலை. லைட்டை அணைச்ச மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தா தரையில கிடக்கறேன். அதுக்கு முன்னாடி தீபாவளி சமயத்துல ஒரு தடவை. மாடிப்படியில."

"பெட்டிகிட்ட?"

"மாசாமாசம் உட்கார்றேன். நூறுன்னு சொல்லுது. அது பார்க்கிற நாலு நிமிஷத்துல இதயம் ஒழுங்கா ஓடுது."

"நீங்க விழுந்ததச் சொன்னீங்களா?"

பேராசிரியர் லேஸில் இரண்டாவது முடிச்சுப் போட்டார். தேவையில்லாத முடிச்சு.

"சொன்னா நூறு போயிடும் டாக்டர். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கு."

"நூறு போனா தொண்ணூறு இருக்குதுங்க. ஆளு போனா போஸ்டர்தான் இருக்கும். ஷூவைக் கழட்டுங்க. உள்ள வாங்க."

அவர் மறுத்திருக்கலாம். ஆனால் அந்தத் தொனியை முப்பத்துநாலு வருடமாக யாரும் மறுத்ததில்லை. போட்ட முடிச்சையெல்லாம் அவிழ்த்தார்.

தான் செய்த பெட்டியின் முன்னால், தான் தேர்ந்தெடுத்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"வணக்கம், பேராசிரியர் சர்வேஷ் அவர்களே. தங்களை வருத்தும் உபாதை யாது?"

"ஒன்றுமில்லை" என்றார் பேராசிரியர், நல்ல தமிழில்.

"தங்கள் நலக் குறியீடு நூறு. வாழ்த்துகள்."

மௌனிகா பச்சைப் பொத்தானை அழுத்தவில்லை. அவர் தோளில் கை வைத்து, "ம்" என்றார். மேலே போகிற 'ம்'.

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு பாத்ரூமைச் சொன்னார், மாடிப்படியைச் சொன்னார். காரில் ஒருமுறை சிக்னலில் பச்சை விழுந்ததே தெரியாமல் போனதையும் சொன்னார். அதை வாசலில்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"முந்தைய பரிசோதனை ரத்து செய்யப்படுகிறது" என்றது பெட்டி. "இதயத்துடிப்பு அவ்வப்போது நின்று தொடர வாய்ப்புண்டு. இடைவிடாக் கண்காணிப்பு தேவை. வாகனம் ஓட்டுதல் கூடாது." தட்டில் மாத்திரைக்குப் பதில், நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் வில்லை ஒன்று வந்து விழுந்தது.

பேராசிரியர் வில்லையை எடுக்கவில்லை. வேறெதையோ கேட்டுக்கொண்டிருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

"ரத்து" என்றார். "நூத்துக்கு முப்பத்தொண்ணு. நீங்க பொத்தானை மாத்தி அழுத்தலையா?"

"இல்லீங்க."

"முப்பத்தொண்ணும் இப்படித்தானா? செருப்பு போடறப்ப சொல்லி, திரும்பி வந்ததா?"

"ஆமாங்க. உள்ள இருக்கற வரைக்கும் அவங்க நோயாளிங்க. செருப்புல கால் வெச்சுட்டா வீட்டுக்குப் போற மனுசன். அப்பத்தான் வீட்டு ஞாபகம் வரும். ஒத்தக் கால்ல நிக்கறவனுக்குக் கௌரவமா இருக்க வராதுங்க. கீழ பாத்துட்டே சொல்லிருவாங்க."

"ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"இருநூத்திப் பதினாலு கேள்வி கேட்டீங்க, எல்லாம் இந்த ரூமுக்குள்ள. வாசலப் பத்தி ஒண்ணுகூட இல்ல." சட்டைப் பட்டனைக் கழற்றச் சொல்லி, வில்லையை அவரே ஒட்டினார். "நானாவே சொல்லியிருக்கலாம். இது பெட்டிக்குள்ள அடங்காதுன்னு ரூமு தங்கியிருக்கும். ஆனா சொன்னா என்ன பண்ணுவீங்க?"

பேராசிரியர் நேர்மையாக யோசித்தார். "வாசல்ல மைக் வெப்போம்."

"வெச்சா, நாலு நாள்ல ஊருக்குத் தெரிஞ்சு போகும். அப்பறம் செருப்பு போடறப்பவும் 'உபாதை ஏதுமில்லை'ம்பாங்க. அவங்க அங்க சொல்றது அவங்களது. அத நம்பித்தான் சொல்றாங்க. அதக் குடுத்து என்ற நாற்காலியக் காப்பாத்திக்கறதா? வேண்டாமுங்க. மூடறதுன்னா மூடிக்குங்க. ஆனா வாசலத் தொட்டுராதீங்க."

பேராசிரியர் சட்டைப் பட்டனைப் போட்டார். வாசலில் மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டார். டிரைவரைக் கூப்பிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்து போனார்.

மூன்றாம் நாள் காலை, கோயம்புத்தூர் விருந்தினர் விடுதியில், பொங்கலில் மிளகை ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் இதயம் ஏழு விநாடி நின்றது. வில்லை கூவியது. மதியத்துக்குள் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். அன்று மார்ச் முப்பத்தொன்று. அதே மதியம் மௌனிகா சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். சுவரிலிருந்த போன வருடத்துக் காலண்டரை ஷர்மிளா எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் மாதம் மௌனிகாவுக்கு நன்றாகப் போகவில்லை. காலை எட்டரைக்கு எழுந்துபோய் வாசல் கதவைத் திறப்பார், திறந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று தினத்தாளை எடுத்து வருவார். கேஸ் சிலிண்டர் போட வந்தவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பறமுங்க, மூணு மாசமா வயித்துல ஒரு எரிச்சல்" என்றார். அன்று மட்டும் மௌனிகா இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டதாகக் கணவர் சொல்கிறார்.

மே மாதம் குழுவின் அறிக்கை வந்தது. அறுநூற்று நாற்பது பக்கம். முதல் நானூறு பக்கம் உள்ளங்கை வெப்பத்தையும் 'ம்' வகைகளையும் பற்றியது. கைராசி என்று எதுவும் இல்லை என்பதை அது ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருந்தது. துறை மகிழ்ந்தது. நானூற்றுப் பதினேழாம் பக்கத்தில், 'சுகாதாரம்: துணைப் பரிந்துரைகள்' என்ற தலைப்பில் சில வரிகள் இருந்தன. எல்லா நலக்கண் மையங்களிலும் காலணிகளை வெளியே விட வேண்டும். இதைக் கண்காணிக்க மையத்துக்கு ஓர் அலுவலர் வேண்டும். அவர் ஒவ்வொருவரையும் காலணி அணியும் இடம் வரை உடன் சென்று, அணிந்து முடிக்கும்வரை அருகில் நிற்க வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது. தேவையெனத் தோன்றினால் மீண்டும் உள்ளே அழைத்துச் செல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. தோல் பொருட்கள் மின்னலைகளைச் சிதறடிப்பதால், ஒலிப்பதிவுக் கருவி எதுவும் பத்தடிச் சுற்றளவில் இருத்தல் ஆகாது. கல்வித் தகுதி: எம்.பி.பி.எஸ்.

டாக்டர்களைத் திரும்ப எடுப்பது என்றால் துறை ஒப்புக்கொண்டிருக்காது. அது முன்னேற்றத்துக்கு எதிரானது. செருப்பை ஒழுங்குபடுத்துவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. ஒரே வாரத்தில் ஆணை வந்தது. மாநிலம் முழுவதும் தென்னந்தோப்புகளுக்கும் கடைகளுக்கும் கடிதம் போயிற்று. பல்லடத்துத் தோல் நிபுணர் போய்விட்டதில் அந்த ஊர் இன்றும் வருத்தத்தில் இருக்கிறது. பரோட்டா முன்புபோல் இல்லையாம்.

ஜூன் ஒன்றாம் தேதி காலை எட்டரைக்கு மௌனிகா பழைய கதவைத் திறந்தார். கதவில் புதிய பலகை: 'டாக்டர் மௌனிகா, காலணி ஒழுங்குமுறை அலுவலர்.' தர்ஷனும் அவர் மனைவியும் வரிசையில் முதலில் நின்றார்கள். ஷர்மிளா காலண்டரை மறுபடி மாட்டினார்.

ஆகஸ்டில் பேராசிரியர் வந்தார். தனியாக, டிரைவரோடு. வழியில் சுவரொட்டிகளில் அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. எண் மட்டும் எண்பத்தாறு என்று திருத்தி ஒட்டப்பட்டிருந்தது. பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். நெஞ்சுக் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அது சொன்னது. வேறு உபாதை யாது என்றது. ஒன்றுமில்லை என்றார்.

மௌனிகா இடுப்பில் கை கொடுத்து எழுந்தார்.

"இந்தத் தடவ சாக்ஸ்ல ஓட்டையில்லீங்களே சார்" என்றார் ஷர்மிளா வாசலில்.

"புதுசு சிஸ்டர்."

"ஆனா இன்னும் அதே ஷூவுங்களா? குனிஞ்சு லேஸ் கட்டறது சிரமமில்லீங்களா? செருப்பு வாங்கிக்கலாம்ல."

பேராசிரியர் பெஞ்சில் உட்கார்ந்து, வலது ஷூவை எடுத்து, லேஸை முழுவதுமாக உருவி, முதல் துளையிலிருந்து நிதானமாகக் கோர்க்க ஆரம்பித்தார். மௌனிகா சுவரில் சாய்ந்து நின்றார். வரிசையில் இருந்தவர்கள் யாரும் அவசரப்படவில்லை.

மூன்றாவது துளையில், "அப்புறம் டாக்டர்..." என்றார்.